பெயரும் காரணமும்

வந்தவாசி என்றவுடன் வரலாறு கற்கும் மாணவர்க்கு 1760ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22ஆம் நாள் நிகழ்ந்த போரே நினைவிற்கு வரும். ஆங்கிலேயர் படைக்கு அயர் கூட்டும், பிரெஞ்சுக்காரர் படைக்கு லாலியும் தலைமை தாங்கிப் பொருதனர். தென்னாட்டில் எவர் ஆட்சி நிலைபெறும் என்பதற்கு அக்களமே பெரிதும் விடை கூறிற்று. ஆயினும், அவ்விருவர் பெயரையும் அவ்வூரார் தம் பிள்ளைகட்கு இட்டு அழைக்கக் காணோம். வாளால் எழுதிய பெயர் பாடநூலில் நின்றுவிடுகிறது, வீட்டினுள் நுழைவதில்லை. தாய் தன் மகவை அழைக்கும் பெயராய் நூற்றாண்டுகள் பலவற்றைக் கடந்து வாழ்வன வேறு வகைப் பெயர்கள். அவற்றுள் ஒன்று இராமாநுசன் என்பது.

வந்தவாசியினின்று கிழக்கு நோக்கிச் செல்வார் மதுராந்தகத்தை அடைவர். வடக்கு நோக்கிச் செல்வார் காஞ்சிபுரத்தை அடைவர். வைணவ ஆசாரியராகிய இராமாநுசர், பெரிய நம்பியைக் கண்டு சமய உபதேசம் பெற்ற ஊர் மதுராந்தகம். காஞ்சிபுரத்திலோ அப்பெயருடையார் இருவர்தம் அடிச்சுவடுகள் உள. அவ்வாசாரியர் இளமையிற் கற்றதும் தொண்டு புரிந்ததும் அந்நகரிலேயாகும். ஏறத்தாழ எண்ணூற்றெழுபது ஆண்டுகட்குப் பின்னர்ப் பிறந்த கணித மேதை சீனிவாச இராமாநுசனும் சிறு பிள்ளையாய் இருந்தபோது தாய்வழிப் பாட்டனாருடன் சிலகாலம் அந்நகரில் வாழ்ந்தவரே. இனி, திருமலையின் அடிவாரத்தில் ஆசாரியர் பெயரால் ஒரு நகரப் பகுதியும் எழுந்தது. சமயம், கணிதக் கல்வி, நகரமைப்பு ஆகிய மூன்றும் தம்முள் தொடர்பற்றன போலத் தோன்றுவன. ஒரு பெயர் அம்மூன்றையும் பிணைத்து நிற்கின்றது. இப்பிணைப்பு வெறும் சொல்லொற்றுமைதானா? அன்றி, அதன்கண் கொள்ளத்தக்க பொருளும் உண்டோ?

இலக்கண நூலார் பெயர்ச்சொல்லை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் பகுப்பர். காரணம் கருதாது முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறிப்பெயர். மண், மரம் என்பன போல. தன்மையோ தொழிலோ கருதி வந்தது காரணப்பெயர். பறப்பதாற் பறவை என்பது போல. மக்கட்கு இடும் பெயர் இவ்விரண்டனுள் எதன்பாற்படும்? தொட்டிலிற் கிடக்கும் குழவிக்கு அறிவழகன் எனப் பெயரிடுகின்றனர். அன்று அப்பெயர்க்குரிய காரணம் அக்குழவியினிடத்து யாதும் இல்லை. பெற்றோரின் விருப்பம் ஒன்றே உண்டு. ஆதலின், பெயரிடும் நாளில் மக்கட்பெயர் யாவும் இடுகுறி போல்வனவே. அக்குழவி வளர்ந்து அறிவாற் பொலியுமாயின், அந்நாளில் அப்பெயர் காரணப்பெயராகும். பிறர் இட்ட பெயரைத் தன் செயலாற் காரணப்பெயராக்கிக் கொள்வதற்கு வாய்த்த காலமே ஒருவனுடைய வாழ்நாள் எனலாம்.

இராமாநுசன் என்னும் சொல் வடமொழியினின்று வந்தது. 'அநுஜன்' என்பதற்குப் பின் பிறந்தவன் என்பது பொருள். ஆகவே, இராமனுக்கு இளையவன் என்பதே இப்பெயர் தரும் பொருளாம். இது சிறப்பாக இலக்குவனைக் குறிக்கும். இலக்குவன் செய்த செயல்களுள் வில்லால் விளைந்தவற்றையே பலரும் பேசுவர். ஆனால், கம்பர் காட்டும் சித்திரகூட நிகழ்ச்சி ஒன்று உண்டு. அரண்மனையிற் பிறந்து வளர்ந்த இலக்குவன், தமையனும் அண்ணியும் தங்குதற்பொருட்டு, மூங்கிலும் மண்ணும் இலையும் கொண்டு தன் கையாலேயே ஒரு குடில் அமைக்கின்றான். அதனைக் கண்ட இராமன், இத்தொழிலை இவன் எப்பொழுது கற்றான் என வியந்து கண்கலங்குகின்றான். எந்த ஆசானும் அவனுக்கு அதனைக் கற்பிக்கவில்லை. பிறர்க்கு நிழல் வேண்டும் என்னும் அன்பே கற்பித்தது. எனவே, இப்பெயரின் சொற்பொருள் பின்பிறத்தல் என்பதாயினும், அதன் உட்பொருள் பிறரை முன்வைத்துத் தான் பின்நிற்றல் என்பதேயாம். அவ்வுட்பொருளை மெய்ப்பித்தவர் யாவர் என்பதே காணத்தக்கது.

1017ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூரிற் பிறந்த மகவுக்குத் தாய்மாமனாகிய பெரிய திருமலை நம்பி இளையாழ்வார் என்று பெயரிட்டார். அவரே பின்னாளில் இராமாநுசர் என உலகோர் போற்றும் ஆசாரியராய் விளங்கினார். காஞ்சிபுரத்தில் வாழ்ந்த நாளில் அவர் சாலைக்கிணற்றினின்று நாள்தோறும் நீர் முகந்து பேரருளாளப் பெருமாள் கோயிலுக்குச் சுமந்து சென்றார். அந்தணரல்லாத திருக்கச்சி நம்பியின் அன்பினைக் கண்டு, அவரையே தமக்கு ஆசானாகக் கொள்ளவும் விழைந்தார். பிறப்பினும் பண்பே பெரிது என்னும் துணிவு அவருக்கு அந்நாளிலேயே இருந்தது.

திருக்கோட்டியூர் நிகழ்ச்சியைக் குருபரம்பரை நூல்கள் விரித்துரைக்கும். மறைபொருளைக் கேட்டறிதற்கு இராமாநுசர் அவ்வூருக்குப் பதினெட்டு முறை நடந்தார். அதனைப் பெற்றபின், தகுதி நோக்காது பிறர்க்கு உரைப்பின் நரகம் எய்த நேரும் என்று ஆசான் எச்சரித்திருந்தும், ஆர்வமுடையார் அனைவர்க்கும் அதனை வெளியிட்டார். பலர் உய்வு பெறுவாராயின் தாம் ஒருவர் நரகம் புகுதலும் நன்றே என்பது அவர் கருத்து. ஊர்மக்களை முன்னிறுத்தித் தாம் பின்னின்ற அச்செயலால், இளையாழ்வார் என்னும் இடுபெயர் காரணப்பெயராயிற்று. திருக்கோட்டியூர் நம்பியும் முதலிற் சினந்து, பின்னர் மாணாக்கரின் பெருமையை உணர்ந்து பாராட்டினார் என்பர். பூட்டிய கதவைத் திறந்த கையை ஆசானும் போற்றினார் அன்றோ!

இவ்வுள்ளம் கோயிலின் அளவில் நின்றுவிடவில்லை; ஊரமைப்பிலும் புகுந்தது. திருமலை அந்நாளிற் குளிரும் காடும் மிக்கதாய், மக்கள் நிலையாக வாழ்வதற்கு அரியதாய் இருந்தது. அங்கே தங்கி மலர்த்தோட்டம் வளர்ப்பார் யார் என்று இராமாநுசர் வினவியபோது, அனந்தாழ்வான் முன்வந்தார். அவர் மனைவியார் கருவுற்றிருந்த காலத்தும் உடன் மண் சுமக்க, இருவரும் ஏரி வெட்டி, நந்தவனம் அமைத்தனர். அந்நந்தவனத்திற்குத் தம் ஆசான் பெயரையே சூட்டினர். ஆளின் பெயர் முதன்முதலில் ஏறியது அரண்மனைமீதும் அன்று, வெற்றித்தூண்மீதும் அன்று. நீரின்மீதும் பூவின்மீதுமே ஏறியது.

மலையின்மேல் வழிபாடு சிறக்க வேண்டுமாயின், அடிவாரத்தில் ஓர் ஊர் வேண்டும். பூத்தொடுப்பார், விளக்கேற்றுவார், சமைப்பார், தச்சர், குயவர், வழிநடைப் பயணிகள் என எல்லார்க்கும் இடம் வேண்டுமன்றோ? 1130ஆம் ஆண்டளவில் இராமாநுசர் அங்குக் கோவிந்தராசப் பெருமாளை எழுந்தருளச் செய்தார் என்றும், கோயிலை நடுவணாகக் கொண்டு எழுந்த குடியிருப்பு இராமாநுசபுரம் எனப் பெயர் பெற்றது என்றும் வைணவ மரபு கூறும். அதுவே இன்றைய திருப்பதி நகரின் வித்து. அண்மை ஆண்டுகளில் அந்நகரார் பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாளைத் தம் ஊரின் பிறந்தநாளாகக் கொண்டாடியதும் உண்டு.

நடுவே கோயில், அதனைச் சூழ நான்கு மாடவீதிகள், தேர் திரும்புதற்கேற்ற அகலம், அருகே குளம், அப்பால் தோட்டமும் வயலும். இத்தகைய அமைப்பு தமிழ்நாட்டுப் பேரூர்கள் பலவற்றில் இன்றும் காணப்படும். இதனைப் பத்திமை ஒன்றாலேயே எழுந்தது எனக் கருதுதல் பொருந்தாது. தேரோடும் வீதியிற் காற்று ஓடும். தீப்பற்றினும் ஒரு தெருவிலிருந்து மறுதெருவிற்குத் தாவாது. குளத்தில் நின்ற மழைநீர் சுற்றுப்புறக் கிணறுகளில் ஊறும். வழிபாட்டின் பெயரால் வாழ்விற்கு வேண்டியவற்றை வரையறுத்தனர் முன்னோர். இராமாநுசர் சோழநாட்டை நீங்கி ஓய்சளநாட்டிற் சென்று வாழ்ந்த காலத்தில், தொண்டனூரில் ஒரு பேரேரி அமைத்தார் என்பதும் அந்நாட்டு மரபுரை. ஊர் அமைப்பார் முதற்கண் நீரை எண்ண வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்றாம்.

ஆயினும், ஒரு குறையையும் மறைத்தல் கூடாது. அழகிய அம்மாடவீதிகளில் எல்லார்க்கும் இடம் இருந்ததில்லை. ஊர்க்கு உழைத்தவரே ஊர்க்கு வெளியே நிறுத்தப்பட்டனர். மேல்கோட்டையில், ஒதுக்கப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்னும் சிறப்புப் பெயரால் அழைத்து, ஆண்டில் மூன்று நாள் கோயிலினுள் செல்லும் உரிமையை இராமாநுசர் அளித்தார் என்பர். அக்காலத்தில் அது பெருஞ்செயலே. ஆனால், அவர் திறந்த வாயிலைப் பின்வந்தோர் மேலும் அகலத் திறந்திருத்தல் வேண்டும். அவ்வாறு செய்தார் மிகச் சிலர். மூன்று நாள் உரிமை எந்நாளும் உரியதாகுமாறு, 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்ததாக அறிவிக்கும்வரை, எட்டு நூற்றாண்டுகள் கழிந்தன. பெயரைப் போற்றினார் பலர். பெயரின் காரணத்தைப் போற்றினார் சிலர். இவ்வேறுபாடே இப்பாடத்தின் உயிர்நிலையாகும்.

இனி, அப்பெயரை ஈரோட்டில் 1887ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் பிறந்த மற்றொருவரிடத்துக் காண்போமாக. சீனிவாச இராமாநுசன் கும்பகோணத்தில் வளர்ந்தவர்; தந்தையார் துணிக்கடையிற் கணக்கெழுதும் எளியவர். பள்ளியிற் பயின்ற காலத்தில், கார் என்னும் ஆங்கில ஆசிரியர் தொகுத்த கணித நூலொன்று இரவலாக அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை நிறுவலின்றி அடுக்கிய அந்நூலைப் பிறர் கண்டால் மூடிவைப்பர். இளைஞர் இராமாநுசனோ ஒவ்வொன்றையும் தாமே நிறுவிக் காண முனைந்தார். தாள் வாங்கப் பொருளின்மையால் கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் ஏட்டிற் குறித்தார்.

கணிதத்தில் மூழ்கியமையால் பிற பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோயிற்று. பின்னர்ச் சென்னையிற் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. தேர்வு என்னும் வாயில் அவருக்கு அடைபட்டது. அதனைத் திறந்தவர் யாவர்? 1907ஆம் ஆண்டில் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வே. இராமசாமி ஐயர் திருக்கோவலூரில் துணை ஆட்சியராய் இருந்தார். 1910ஆம் ஆண்டில் இராமாநுசன் அவரைக் கண்டு, அலுவலகத்தில் ஒரு சிறு எழுத்தர் வேலை வேண்டினார். ஏட்டைப் புரட்டிய ஐயர், இத்தகைய மதியை அத்தொழிலில் அடைத்தல் தகாது எனக் கருதி, சென்னையிலிருந்த கணிதப் பேராசிரியர் சேசு ஐயர் முதலியோர்க்கு அறிமுகம் செய்வித்தார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் திங்கள்தோறும் பொருள் அளித்துப் புரந்தார். 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அங்கு மேலதிகாரியாய் இருந்த நாராயண ஐயரும் கணிதம் வல்லவராதலின் துணைநின்றார்.

1913ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16ஆம் நாளிட்ட கடிதம் ஒன்று கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஹார்டி என்னும் கணித அறிஞரைச் சென்றடைந்தது. முன்பின் அறியாத ஓர் எழுத்தரின் கடிதம் என்று அவர் அதனை எறிந்துவிடவில்லை. படித்தார், வியந்தார், அழைத்தார். சென்னைப் பல்கலைக்கழகமும் பட்டம் பெறாத அவ்விளைஞர்க்குத் திங்களுக்கு எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1914ஆம் ஆண்டிற் கடல் கடந்தார். 1918ஆம் ஆண்டில் அரசக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதிற் சென்னையில் மறைந்தார். ஹார்டி ஏறி வந்த வாடகை வண்டியின் எண்ணாகிய 1729 பற்றிய செய்தியை அறியாதார் இலர். ஒன்றின் முப்படியும் பன்னிரண்டின் முப்படியும் கூட்டினும், ஒன்பதின் முப்படியும் பத்தின் முப்படியும் கூட்டினும் அவ்வெண்ணே வரும். மாணவர் அதனைத் தம் கையாலேயே கூட்டிப் பார்த்தல் நன்று. பிறர் கூறக் கேட்ட கணக்கு ஒருபோதும் தன் கணக்காகாது.

இவ்வரலாற்றிற் கருதத்தக்கது மேதையின் திறம் மட்டும் அன்று. அவர்க்குப் பின்நின்ற ஐவர் அறுவரும் கருதத்தக்கவர். அவர்கள் இலராயின், அவ்வேடுகள் கும்பகோணத்துப் பரண்மீது கரையானுக்கு இரையாகியிருக்கும். பிறரை முன்வைத்துத் தாம் பின்நின்றமையால், வேறு பெயர் பூண்ட அவர்களும் இராமாநுசன் என்னும் பெயரின் காரணத்தை உடையவரேயாவர். அவ்வழியில் வந்தவர் சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப்பள்ளியிற் கணிதம் கற்பித்த பி. கே. சீனிவாசன். மேதையின் கடிதங்களையும் அவரை அறிந்தோர் நினைவுகளையும் அரிதின் முயன்று தேடித் திரட்டி, 1968ஆம் ஆண்டில் இரு தொகுதிகளாக வெளிவரச் செய்தார். 1993ஆம் ஆண்டில் இராயபுரத்தில் இராமாநுசன் பெயரால் ஒரு கணிதக் காட்சியகத்தையும் அமைத்தார். கோடியில் ஒரு மேதையைப் போற்றுவதோடு அமையாது, வகுப்பில் உள்ள ஒவ்வொரு சிறுவனும் சிறுமியும் எண்ணோடு விளையாட வேண்டும் என விழைந்த நல்லாசிரியர் அவர்.

ஈண்டுப் பள்ளிகளில் வழங்கும் தீய வழக்கம் ஒன்றைக் கூறுதல் தகும். கணக்கிற் சற்றுப் பின்தங்கிய மாணவனை 'மக்கு' என்று அழைப்பர். அதுவும் ஒரு பெயரே. காரணமின்றி இட்ட இடுகுறிப்பெயர். ஆனால், நாள்தோறும் அதனைக் கேட்கும் சிறுவன், தனக்குக் கணக்கு வாராது என்று தானே நம்பத் தொடங்குவான். கையை உயர்த்த அஞ்சுவான். கரும்பலகைப் பக்கம் செல்லான். ஈராண்டில் அப்பொய்ப்பெயர் காரணப்பெயராகிவிடும். நற்பெயரைக் காரணப்பெயராக்குதற்கு ஒருவன் வாழ்நாள் முழுதும் உழைக்க வேண்டியிருக்க, தீப்பெயரோ பிறர் நாவினாலேயே காரணம் பெற்றுவிடுகின்றது. தேர்வில் தோற்ற இராமாநுசனையும் சிலர் அவ்வாறு அழைத்திருக்கக் கூடுமன்றோ? ஒரு மாணவன் மற்றொரு மாணவனுக்கு இடும் பெயரே அவன் எதிரே அடைக்கும் கதவாகவும் திறக்கும் கதவாகவும் அமைகின்றது.

ஊர்ப்பெயரின் நிலையும் இதுவே. சென்னைத் தரமணியில் கணித மேதையின் பெயரால் ஒரு தகவல் தொழில்நுட்ப நகரம் எழுந்துள்ளது. 1962ஆம் ஆண்டில் தோன்றிய கணித அறிவியல் நிறுவனமும் அப்பகுதியிலேயே உள்ளது. ஆசாரியர் பெயரும் மேதையின் பெயரும் தாங்கிய நகர்களும் தெருக்களும் பிற ஊர்களிலும் உள. இது மகிழ்தற்குரியதே. ஆனால், ஏரியைத் தூர்த்து மனைகளாக்கி, அம்மனைப்பிரிவிற்கு ஏரி வெட்டுவித்த பெரியார் பெயரைச் சூட்டுவாராயின், அதனை என்னென்பது! மதுராந்தகத்துப் பேரேரியின் கரையில் வீற்றிருக்கும் பெருமாளுக்கு ஏரிகாத்த இராமர் என்பது பெயர். தமையன் ஏரியைக் காத்து நிற்க, தம்பியின் பெயரால் ஏரியை மூடுதல் முறையாகுமா? பெயரோ பெரும்பெயர், குடிக்க நீர்தான் இல்லை என்னும் வழக்குரை அத்தகைய ஊர்க்கே பொருந்தும். அவ்வாறே, மேதையின் பெயரைச் சுவரில் எழுதிய பள்ளியிற் கணித ஆசிரியர் இல்லையாயின், அப்பெயர் சுண்ணாம்பாய் உதிர்வதன்றி வேறு பயன் இல்லை.

இப்பெயர் உடையார் எண்ணிறந்தோர். அவர் எல்லாரும் ஆசாரியரும் மேதையும் ஆகிவிட்டனரா என்று சிலர் வினவலாம். ஆகிவிடவில்லை என்பது உண்மையே. பெயர் ஆற்றலைத் தருவதில்லை. சமயத்தையும் கணிதத்தையும் நகரமைப்பையும் பிணைப்பது எழுத்துகளால் ஆகிய சொல் அன்று. அடைபட்டதைத் திறத்தலும், பிறர்க்கு இடம் செய்து தான் பின்நிற்றலும் ஆகிய செயலே அவற்றைப் பிணைக்கின்றது. அச்செயல் இல்லாத இடத்துப் பெயர் வெறும் ஒலி. அச்செயல் உள்ள இடத்து வேறு எப்பெயரும் இப்பெயரே.

ஆரணியிற் பட்டு நெய்வாரும் வந்தவாசியிற் கோரைப்பாய் நெய்வாரும் இவ்வுண்மையை எளிதில் உணர்வர். தறியில் நீள ஓடும் பாவு ஒன்றே. ஆனால் பாவு மட்டும் பாயாகாது. குறுக்கே கோரையை ஒவ்வொன்றாய்ச் செலுத்தி நெருக்கினால் அன்றோ ஒருவர் படுத்துறங்கும் பாய் உருவாகும்? முன்னோர் தந்த பெயர் பாவு போன்றது. அவரவர் செய்யும் செயல் கோரை போன்றது. வருகைப்பதிவேட்டில் தம் பெயரை ஆசிரியர் அழைக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்று மாணவர் விடையிறுப்பர். அப்பெயர்க்குரிய காரணமும் தம்மிடத்து உள்ளதா என்று அவர் ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக. அருகிலிருக்கும் நண்பனுக்கு விளங்காத ஒரு கணக்கை அன்று விளங்க உரைப்பாராயின், அக்காரணம் அன்றே தொடங்கிவிடும்.